ஓவிய ஆசிரியர் பயிற்சியில் டிஜிட்டல் ஊடகம்: எதை முதலில் பழகுவது, வகுப்பில் எதைக் காட்டுவது?

நீர்வண்ணத்திலும் கரியிலும் 5 ஆண்டுகள் கை பழகிய பிறகு ஓவிய ஆசிரியருக்கான பயிற்சியில் சேர்ந்திருக்கிறீர்கள். அங்கே ஒரு பருவம் முழுவதும் டிஜிட்டல் ஊடகம் பாடமாக இருக்கிறது. மென்பொருளின் மெனுக்களை மனப்பாடம் செய்வதிலேயே வகுப்பு கழிகிறது என்றும், டிஜிட்டல் பேனாவைப் பிடித்தால் சிறுவயதில் வரைந்ததைப் போலக் கோடு நடுங்குகிறது என்றும், இன்னும் 2 மாதத்தில் கற்பித்தல் பயிற்சிக்குப் போகவிருக்கும் அரசுப் பள்ளியில் 40 பிள்ளைகளுக்கு ஒரு புரொஜெக்டரும் உங்கள் கைப்பேசியும்தான் இருக்கும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எங்கிருந்து தொடங்குவது, இது கையைக் கெடுத்துவிடாதா என்ற இரண்டும்தான் உங்கள் கேள்விகள். நீண்ட காலம் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்து, நாற்பது வயதுக்கு மேல் இதைக் கற்றுக்கொண்டவன் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கையைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் எனக்கும் இருந்தது, அதற்குக் காரணமும் இருந்தது. 2000க்குப் பிறகான சில ஆண்டுகளில் ஃபிளெக்ஸ் அச்சு வந்து, சுவர் விளம்பரமும் கட்-அவுட்டும் பேனரும் எழுதிப் பிழைத்த ஓவியர்களை ஊர் ஊராக வேலையிழக்கச் செய்ததை அருகிலிருந்து பார்த்தவர்கள் நாங்கள். எனினும் அந்தக் கசப்பை மட்டும் வைத்துக்கொண்டு கருவியை எடைபோடுவது சரியாகாது. ராஜா ரவிவர்மா 1894இல் மும்பையில் கல் அச்சகம் தொடங்கியதால்தான் அவருடைய தெய்வப் படங்கள் வீட்டுச் சுவர்களுக்கு வந்தன. மதராஸ் கலைப்பள்ளியில் பயின்ற சி. கொண்டையராஜு கோவில்பட்டியில் இருந்துகொண்டு வரைந்தவை சிவகாசியில் காலண்டர்களாக அச்சாகித் தமிழ்நாடெங்கும் தொங்கின. அச்சில் எந்த நிறம் எப்படி வரும் என்று அறிந்தே அவரும் அவருடைய சீடர்களும் தூரிகையைத் தொட்டார்கள். அந்தக் கலைப்பள்ளியே 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவரால் தொடங்கப்பட்டது. ஒளிப்படக்கலை உலகத்துக்கே புதிதாக இருந்த அந்தப் பத்தாண்டிலேயே அங்கு கேமராவும் பாடமாயிற்று. ஆகவே ஓவியம் கற்பிக்கும் இடத்துக்குள் இயந்திரம் இன்றுதான் நுழைகிறது என்று எண்ண வேண்டாம்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். உங்கள் கோடு நடுங்குவதற்கு முதற்காரணம் கருவியின் அமைப்பாகவே இருக்கலாம். பயிற்சி நிறுவனங்களில் பெரும்பாலும் இருப்பது திரையில்லாத பென் டேப்லெட்: கை மேசைமேல் இருக்கும், கோடு எதிரே உள்ள திரையில் விழும். பல இடங்களில் டேப்லெட்டைச் செருகியவுடன் வரையத் தொடங்கிவிடுகிறார்கள். அதன் பரப்பும் திரையின் பரப்பும் ஒரே விகிதத்தில் இருக்கின்றனவா என்று யாரும் பார்ப்பதில்லை. 160 மில்லிமீட்டர் அகலமும் 100 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட டேப்லெட்டை, 1280க்கு 1024 பிக்சல் (திரையின் நுண்புள்ளி) உள்ள பழைய திரையோடு இணைத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அகலவாக்கில் ஒரு மில்லிமீட்டருக்கு 8 பிக்சலும், உயரவாக்கில் ஒரு மில்லிமீட்டருக்கு 10 பிக்சலுக்குச் சற்று மேலும் கிடைக்கும். நீங்கள் 50 மில்லிமீட்டர் விட்டத்தில் சரியான வட்டம் போட்டாலும் திரையில் அது 400 பிக்சல் அகலமும் 512 பிக்சல் உயரமும் உள்ள முட்டையாக நிற்கும். உங்கள் கை வட்டத்தைத்தான் போட்டது, கண் முட்டையைப் பார்த்துக் கையைத் திருத்தச் சொல்கிறது, கை குழம்புகிறது. டேப்லெட்டின் அமைப்புப் பகுதியில் விகிதத்தைத் திரைக்கேற்ப மாற்றும் ஒரு தேர்வு இருக்கும். முதல் நாளே அதைச் செய்துவிடுங்கள்.

அதன்பின் உங்கள் பழைய பயிற்சி ஒன்று துணைக்கு வரும். மாதிரியை மட்டும் பார்த்துக்கொண்டு, தாளைப் பார்க்காமல் வெளிக்கோடு வரையும் பயிற்சியைக் கல்லூரியில் நிச்சயம் செய்திருப்பீர்கள். பலர் அதை வேடிக்கையாகச் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். திரையில்லாத டேப்லெட் கேட்பது அதே திறனைத்தான்: கண் ஓரிடத்திலும் கை வேறிடத்திலும் இருக்க, இரண்டும் ஒரே வேகத்தில் நகர வேண்டும். நான் பார்த்தவரை இந்தப் பயிற்சியில் ஊறியவர்கள் 2 அல்லது 3 வாரத்தில் டேப்லெட்டோடு இணங்கிவிடுகிறார்கள். தினமும் 20 நிமிடம் போதும். ஒரே தூரிகை, கறுப்பு மட்டும், ஒரே அடுக்கு (அடுக்கு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் கண்ணாடித்தாள் போன்ற வரைபரப்பு). எதிரில் ஒரு சொம்பு. சொம்பின் வாய், கழுத்து, வயிறு, அடி என்று நான்கு நீள்வட்டங்களும் ஒரே நடுக்கோட்டில் நிற்க வேண்டும். மணிக்கட்டை மட்டும் அசைக்காமல் முழங்கையிலிருந்து வரையுங்கள். கோட்டைத் தானே நேர்த்தியாக்கும் வசதி பெரும்பாலான வரையும் மென்பொருள்களில் உண்டு. முதல் மாதம் அதை நிறுத்தி வையுங்கள், இல்லையென்றால் உங்கள் கோடு எப்படி இருக்கிறது என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும்.

எந்த மென்பொருள் என்று அதிகம் யோசிக்க வேண்டாம். வரைவதற்குக் கிரிட்டா, வடிவமைப்புக்கு இங்க்ஸ்கேப், ஒளிப்படத்துக்கு கிம்ப் ஆகிய மூன்றும் இலவசம். பள்ளிக் கணினியில் உரிமக் கட்டணமின்றி நிறுவலாம். பிள்ளைகள் வீட்டிலும் போட்டுக்கொள்ளலாம். இவற்றில் கிரிட்டா ஒன்றை மட்டும் இந்தப் பருவத்தில் ஆழமாகப் பழகினால் போதுமானது. மற்றவற்றின் மெனுக்கள் தேவைப்படும்போது அரைநாளில் பிடிபட்டுவிடும்.

அடுத்ததாக நிறம். என் கருத்தில் ஓவிய ஆசிரியராகப் போகிறவர் டிஜிட்டல் ஊடகத்திடமிருந்து பெறக்கூடிய மிகப் பெரிய பாடம் இங்கேதான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான பயிற்சி வகுப்புகள் இதை ஒரு பட்டையிலிருந்து நிறத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதோடு முடித்துவிடுகின்றன. நீங்களே செய்து பாருங்கள். கிரிட்டாவில் ஒரு அடுக்கில் தூய மஞ்சளைப் பூசுங்கள். எண்களில் சொன்னால் சிவப்பு 255, பச்சை 255, நீலம் 0. அதற்கு மேல் இன்னொரு அடுக்கில் தூய நீலத்தைப் பூசி, அந்த அடுக்கின் அடர்த்தியை 50 விழுக்காடாகக் குறையுங்கள். மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சை என்று எல்.கே.ஜி. முதல் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். திரையில் வருவதோ சாம்பல் நிறம். மூன்று எண்களும் ஏறக்குறைய 128 என்று நிற்கும்.

இது மென்பொருளின் பிழை அன்று. வண்ணப்பொடி ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. மஞ்சள் பொடி நீல ஒளியை விழுங்குகிறது. நாம் பயன்படுத்தும் நீலப் பொடி சிவப்பையும் மஞ்சளையும் விழுங்கினாலும் பச்சையில் கொஞ்சம் விட்டுவைக்கிறது. இரண்டும் விழுங்காமல் மிஞ்சுவது பச்சை. திரை ஒளியை விழுங்குவதில்லை, உமிழ்கிறது. அங்கே சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிப்புள்ளிகள்தான் உண்டு. மஞ்சள் என்பதே சிவப்பும் பச்சையும் சேர்ந்த தோற்றம். அதனோடு நீலத்தைச் சரிபாதி கலந்தால் மூன்றும் சமமாகிச் சாம்பலாகிவிடுகின்றன. அடுத்து, மேலடுக்கின் கலப்பு முறையை 'மல்டிப்ளை' என்று மாற்றி, 50 விழுக்காடாகக் குறைத்த அடர்த்தியை மீண்டும் முழுமையாக்கி, தூய நீலத்துக்குப் பதிலாக அச்சகத்தார் சயான் என்று அழைக்கும் வெளிர்நீலத்தை வையுங்கள்: சிவப்பு 0, பச்சை 255, நீலம் 255. இப்போது பளிச்சென்று பச்சை வரும், ஏனென்றால் இந்த முறை பொடியைப் போலவே ஒளியைக் கழிக்கிறது. சிவகாசி அச்சகங்களில் சயான், மஜென்டா, மஞ்சள், கறுப்பு என நான்கு மைகளை வைத்துக்கொண்டு எல்லா நிறங்களையும் எப்படி எடுக்கிறார்கள் என்பதை இந்த ஒரு செயலிலிருந்தே நீங்கள் பிள்ளைகளுக்கு விளக்கிவிடலாம்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எண்களெல்லாம் வேண்டாம். கைப்பேசியில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, விரல்நுனியில் நீரைத் தொட்டு மிகச் சிறிய துளி ஒன்றைத் திரையின்மேல் வையுங்கள். துளி உருப்பெருக்கியாக வேலை செய்யும். வெள்ளைக்குள் சிவப்பும் பச்சையும் நீலமும் புள்ளிகளாகத் தெரியும். வரிசையாக வந்து பார்க்கச் சொல்லிவிட்டு, அதன்பின் அதே பிள்ளைகளிடம் தட்டில் போஸ்டர் கலர் கொடுத்து மூன்று நிறங்களையும் கலந்து வெள்ளை வருகிறதா என்று முயன்று பார்க்கச் சொல்லுங்கள். வருவது சேறு. ஏன் இங்கே சேறும் அங்கே வெள்ளையும் என்ற கேள்வியை அவர்களே கேட்பார்கள். அந்தப் பாடவேளைக்கு ஒரு கைப்பேசியும் ஒரு சொட்டு நீரும்தான் செலவு.

லேயர் எனப்படும் அடுக்குகளைப் பற்றி நீங்கள் பயந்து எழுதியிருக்கிறீர்கள்; உண்மையில் அது நமக்குப் புதிதில்லை. தஞ்சாவூர் ஓவியத்தில் பலகை, அதன்மேல் துணி, சுண்ணாம்புப் பொடியும் பசையும் கலந்த பூச்சு, கல் பதிப்பு, மக்கு எனப்படும் பசைக்கலவையால் எழுப்பிய புடைப்பு, தங்கத்தாள், பிறகு வண்ணம் என்று அடுக்கடுக்காகவே வேலை நடக்கிறது. அங்கே வரிசை மாறினால் வேலை கெட்டுவிடும். இங்கே வரிசையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பது ஒன்றே வேறுபாடு. மூன்று அடுக்குகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: முதல் வரைவு, கோடு, நிறம். நாற்பது அடுக்கு வைத்து வேலை செய்பவர்கள் எது எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே நேரத்தை இழக்கிறார்கள்.

அன்டூ, அதாவது கடைசியாகச் செய்ததை நீக்கிவிடும் கட்டளை, பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். கணினி அறையில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குக் காகம் வரையக் கொடுத்திருந்தேன். அலகை வரைந்தாள், பிடிக்கவில்லை, கண்ட்ரோலும் இசட்டும் அழுத்தினாள். மீண்டும் வரைந்தாள், மீண்டும் அழுத்தினாள். மணி அடித்தபோது அவள் திரையில் இருந்தது ஓர் அலகு மட்டும். அதுவும் முதலில் போட்டதைவிட உயிரில்லாத அலகு. தாளில் வரைந்திருந்தால் தவறிய கோடு அங்கேயே கிடந்திருக்கும். அதைப் பார்த்து இரண்டாவது கோட்டைச் சற்று உள்ளே போட்டிருப்பாள். மூன்றாவதில் அலகு அமைந்து, தலைக்கும் கழுத்துக்கும் போயிருப்பாள். தவறிய கோடு அழிந்துவிட்டால் திருத்துவதற்கான அளவுகோலும் உடன் அழிந்துவிடுகிறது. அந்த நாளுக்குப் பிறகு என் வகுப்பில் ஒரு விதி வைத்தேன்: அன்டூ கிடையாது, கோடு பிடிக்கவில்லை என்றால் அந்த அடுக்கின் அடர்த்தியை 30 விழுக்காடாக மங்கலாக்கிவிட்டு, மேலே புதிய அடுக்கில் வரைய வேண்டும். பழைய கோடு அடியில் தெரிந்துகொண்டே இருக்கும். நீங்களும் பயிற்சிக் காலத்தில் இந்த விதியை உங்களுக்கே விதித்துக்கொண்டால், கை கெட்டுவிடும் என்ற அச்சத்துக்கு இடமே இருக்காது.

அளவு பற்றிய பாடத்தை நான் அவமானப்பட்டுக் கற்றேன். ஆண்டு விழாவுக்காக மாணவர் ஒருவர் வரைந்த படத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, செய்தி அனுப்பும் செயலி வழியாக பேனர் அச்சிடும் கடைக்கு அனுப்பினேன். செயலி படத்தைச் சுருக்கி, நீள்பக்கத்தை ஏறத்தாழ 1600 பிக்சல் ஆக்கிவிட்டிருந்தது. பேனர் 6 அடி, அதாவது 72 அங்குலம். வகுத்துப் பார்த்தால் ஓர் அங்குலத்துக்கு 22 பிக்சல். மேடையில் கட்டியபோது மயிலின் தோகை கட்டம் கட்டமாகத் தெரிந்தது. படத்தின் கீழே போட வேண்டிய தமிழ் வரியை வேறு பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தேன். கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால் அது புரியாத குறிகளாக மாறி, அவசரத்தில் அப்படியே அச்சாகிவிட்டது. தலைமையாசிரியர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் அதிகம் வலித்தது. அன்றிலிருந்து நான் கடைப்பிடிப்பவை எளியவை: ஏ4 தாளில் அச்சாக வேண்டிய படத்தைத் தொடக்கத்திலேயே 2480க்கு 3508 பிக்சலில் தொடங்குவேன், அது அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கு, தூரத்திலிருந்து பார்க்கும் பேனருக்கு முழு அளவில் 72 முதல் 100 வரை போதும், படத்தைச் செயலியில் அனுப்ப நேர்ந்தால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புவேன், தமிழை யூனிகோடில் மட்டுமே தட்டச்சு செய்வேன், அச்சகம் வேறு எழுத்துரு கேட்டால் எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றிக் கொடுப்பேன்.

இனி உங்கள் உண்மையான சிக்கலுக்கு வருவோம்: 40 பிள்ளைகள், ஒரு கைப்பேசி. இந்த நிலையில் பிள்ளைகளுக்கு மென்பொருள் கற்பிக்க முயல்வது வீண். ஒருவர் வரைய 39 பேர் வேடிக்கை பார்ப்பார்கள். ஒரு கருவியை வைத்துக்கொண்டு எல்லோருடைய கைகளுக்கும் வேலை கொடுக்கக்கூடிய டிஜிட்டல் செயல் எது என்று தேட வேண்டும். என் அனுபவத்தில் அதற்கு மிகப் பொருத்தமானது நிறுத்தி நிறுத்திப் படமெடுக்கும் அசைவூட்டம், ஸ்டாப் மோஷன் என்பார்கள். இதற்கான இலவசச் செயலிகள் எந்தச் சாதாரணக் கைப்பேசியிலும் இயங்கும்.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஒரு மரச் சட்டத்தை வைத்து, அதில் கைப்பேசியை ரப்பர் பேண்டால் கட்டி, லென்ஸ் தரையைப் பார்க்கும்படி நிறுத்துவேன். தரையில் கறுப்பு சார்ட் பேப்பர் ஒன்று, அதன்மேல் புளியங்கொட்டைகள். ஜன்னலின் நேர் வெளிச்சம் விழாத மூலையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஒளியையும் குவியத்தையும் பூட்டிவிட வேண்டும், இல்லையேல் ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் மாறிப் படம் மின்னி மின்னி ஓடும். வினாடிக்கு 12 படம் என்று வைத்தால் 10 வினாடிக்கு 120 படம். எட்டெட்டுப் பேராக ஐந்து குழு. ஒவ்வொரு குழுவுக்கும் 24 படம், அதாவது 2 வினாடி. ஒரு குழு கொட்டைகளை நகர்த்திப் படமெடுக்கும்போது மற்ற நான்கும் தங்கள் 24 படங்களையும் நோட்டில் கட்டம் போட்டு முன்கூட்டியே வரைந்துகொண்டிருக்கும். வேலையின் பெரும்பகுதி பென்சிலும் தாளும்தான் என்பதைக் கவனியுங்கள்.

முதல் ஓட்டத்தில் எல்லாக் குழுக்களும் ஒரே தவற்றைச் செய்யும்: கொட்டையை ஒவ்வொரு படத்துக்கும் ஒரே தூரம் நகர்த்துவார்கள். திரையிட்டுப் பார்த்தால் கொட்டை எந்திரப் பட்டையில் நகர்வது போல உயிரில்லாமல் போகும். அப்போது ஒரு பிள்ளையை எழுப்பி, நின்ற இடத்திலிருந்து ஓடிப் போய்ச் சுவரருகே நிற்கச் சொல்லுங்கள். கிளம்பும்போது காலடி சிறிது, நடுவில் பெரிது, நிற்கும்முன் மீண்டும் சிறிது என்று வகுப்பே கண்டுகொள்ளும். அடுத்த ஓட்டத்தில் கொட்டைகளை அப்படி இடைவெளி விட்டு நகர்த்துவார்கள். அவை எறும்புபோல ஊர்ந்து, கூடி, ஒரு கோலத்தின் புள்ளிகளாக வந்து நிற்கும்போது எழும் கூச்சல் பக்கத்து வகுப்பு ஆசிரியரை வரவழைத்துவிடும். அவரிடம் முன்னமே சொல்லிவைப்பது நல்லது.

கோலத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் சேர்க்கிறேன். கிரிட்டாவில் பல தூரிகைகள் ஒரே நேரத்தில் இயங்கும் கருவி ஒன்று உண்டு. ஒரு கோடு இழுத்தால் அதுவே எட்டுத் திசையிலும் விரியும். புரொஜெக்டரில் காட்டினால் கைதட்டல் நிச்சயம். ஆனால் அதில் பிள்ளைகள் சமச்சீர் பற்றி எதையும் கற்பதில்லை, கருவி எல்லாவற்றையும் செய்துவிடுகிறது. நான் வரிசையைத் திருப்பிப் போடுவேன். முதலில் வீட்டில் அம்மாவிடமோ பாட்டியிடமோ ஒரு சிக்குக் கோலத்தைக் கற்று, நோட்டில் போட்டு வரச் சொல்வேன். வகுப்பில் அதை எந்த அச்சில் மடித்தால் ஒன்றோடொன்று பொருந்தும், எத்தனை முறை சுழற்றினால் பழைய நிலைக்கு வரும் என்று தாளை மடித்தும் திருப்பியும் கண்டுபிடிக்கச் சொல்வேன். அதன்பிறகுதான் கருவி: அந்தக் கோலத்தின் எந்தச் சிறு துண்டை மட்டும் வரைந்தால் மீதியைக் கணினி நிரப்பும் என்பதை அவர்களே சொல்ல வேண்டும். சிக்குக் கோலம் பலவற்றில் மடிப்பு அச்சே இல்லை, சுழற்சி மட்டும்தான் உண்டு என்று தெரியவரும்போது அவர்களுக்கு வியப்பாக இருக்கும். இதை விளையாட்டு என்று எண்ண வேண்டாம். சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனும் 1974இலேயே கோலங்களைக் கணினியியலின் இலக்கண முறையில் விவரித்து ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

புரொஜெக்டரை எதற்குப் பயன்படுத்துவது என்று கேட்டால், முடிந்த படங்களைக் காட்டுவதற்கு வேண்டாம் என்பேன். அதற்குச் சுவரே போதும். ஒரு படம் உருவாகும் வழியைக் காட்ட அது மிகப் பயன்படும். ஆங்கில ஓவியர் டேவிட் ஹாக்னி 2009 அளவில் கைப்பேசியிலும் 2010 முதல் ஐபேடிலும் வரையத் தொடங்கினார். அவர் பயன்படுத்திய வரையும் செயலி ஒவ்வொரு தீற்றலையும் நினைவில் வைத்து முதலிலிருந்து ஓட்டிக் காட்டியது. தாம் வரைவதைத் தாமே அப்படிப் பார்த்தது அவருக்கே புதிய அனுபவமாயிற்று. கிரிட்டாவிலும் 5.0 பதிப்பிலிருந்து வரைவதைப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. கரும்பலகையில் நாம் வரையும்போது நம் முதுகுதான் பிள்ளைகளுக்குத் தெரியும். பதிவில் முதுகு இல்லை, எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். நான் அரை நிமிடம் ஓட்டி நிறுத்திவிட்டு, அடுத்த கோடு எங்கே விழும் என்று கேட்பேன். ஒருவர் எழுந்து வந்து சுவரில் விரலால் காட்டுவார். பிறகு ஓட்டிப் பார்ப்போம். உங்களுடைய தடுமாற்றங்களையும் வெட்டாமல் அப்படியே காட்டுங்கள்; ஆசிரியரும் ஒரு தோளை மூன்று முறை திருத்துகிறார் என்பதைக் கண்ணால் கண்ட பிள்ளை, தன் மூன்றாவது முயற்சியில் தாளைக் கிழிப்பதில்லை.

மதிப்பெண் இடுவதற்கும் இதே வழிதான். முடிந்த படத்தோடு முதல் வரைவையும் நடுக்கட்டத்தையும் சேர்த்துக் கேளுங்கள். கட்டளை கொடுத்தால் படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்ட பிறகு இது இன்னும் அவசியமாகிவிட்டது. அவற்றை வகுப்பில் தடைசெய்வதா என்று கேட்பீர்கள். என் முடிவு: பிள்ளைகள் தாங்கள் வரைந்து முடிக்கும்வரை அவற்றைத் திறக்கக் கூடாது, முடித்த பிறகு ஒருமுறை திறந்து ஒப்பிடலாம். மார்கழி வாசலில் சிக்குக் கோலம் என்று நான் ஒருமுறை கேட்டபோது வந்த படம் தூரத்திலிருந்து பார்க்க அழகாக இருந்தது. பெரிதாக்கியதும் கோடுகள் பாதியில் அறுந்திருந்தன, சில புள்ளிகளின் மேலேயே கோடு ஏறியிருந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் ஏழாம் வகுப்பு மாணவிகள். கோலம் போடத் தெரிந்த கண்ணுக்குத்தான் அந்தப் பிழை தெரிந்தது.

சட்டம் தொடர்பாக இரண்டு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, ஓவியரின் வாழ்நாளும் அவர் இறந்தபின் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். 1906இல் மறைந்த ரவிவர்மாவின் படத்தை எடுத்து மாணவர்கள் மாற்றி விளையாடலாம். 1977இல் மறைந்த கே. சி. எஸ். பணிக்கரின் ஓவியத்தை வகுப்பில் காட்டிப் பேசலாம், ஆனால் மாற்றி அச்சிட்டுப் பரப்புவது வேறு. இரண்டாவது, பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை ஆர்வத்தில் சமூக ஊடகத்தில் போட்டுவிடாதீர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகளாகவே கருதுகிறது. அவர்களைப் பற்றிய தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. கைகளையும் படங்களையும் மட்டும் எடுத்தால் சிக்கல் இல்லை.

பிள்ளைகளின் படங்களை ஆவணப்படுத்துவதும் ஒரு கலை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் வேலைக்கு நேர்காணலுக்குப் போகும்போது உங்கள் கையில் இருக்கப்போவது அதுதான். நண்பகலில் வெயில் நேரே விழாத தாழ்வாரத்தில், படத்தைச் சுவரில் ஒட்டி, லென்ஸ் படத்தின் நடுமையத்துக்கு நேராக இருக்கும்படி நின்று எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளின் துண்டை ஒட்டிவைத்தால், பிறகு கிம்ப்பில் அந்த வெள்ளையைக் கொண்டு நிறத்தைச் சரிசெய்யலாம்.

கற்பித்தல் பயிற்சிக்கு இன்னும் 2 மாதம் இருக்கிறது என்றீர்கள். முதல் மாதம் சொம்பும் நீள்வட்டமும், கறுப்பு மட்டும். அடுத்த இரண்டு வாரம் நிறக் கலப்புச் சோதனைகள். ஒவ்வொன்றையும் போஸ்டர் கலரிலும் செய்து, நோட்டில் பக்கம் பக்கமாக ஒட்டிவையுங்கள். மீதமுள்ள இரண்டு வாரத்தில் வீட்டிலுள்ளவர்களை வைத்துப் புளியங்கொட்டைப் படம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். கைப்பேசியைக் கட்டும் சட்டம் ஆடுகிறதா, 24 படத்துக்கு உண்மையில் எத்தனை நிமிடம் பிடிக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். எனக்கு முதல் முறை 35 நிமிடம் ஆயிற்று. பாடவேளையே 40 நிமிடம். பாடத்திட்டம் எழுதும்போது ஒவ்வொரு செயலுக்கும் பக்கத்தில், மின்சாரம் போனால் அதே பாடத்தைத் தாளில் எப்படித் தொடர்வது என்று ஒரு வரி எழுதிவையுங்கள். நீர்த்துளிச் சோதனைக்கு அந்த வரி தேவைப்படாது. கைப்பேசியில் சார்ஜ் இருக்கிறதா என்று மட்டும் காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.